நாற்பத்து மூன்றாம் நம்பர் கல்

ஓடைக்கண்டிகைக் காலனியில் ஆரோக்கியமேரி வீடு எது என்று கேட்டால், "எந்த மேரி? டெய்லர் மேரியா, கோயில் மேரியா, கல்லு மேரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெண் குழந்தை பிறந்தால் மாதா பெயரை வைப்பதில் அந்தக் காலனிக்கு அலுப்பே கிடையாது. குழப்பத்தைத் தீர்க்க முன்னால் ஒரு பட்டம் மாட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

கல்லு மேரிக்கு அந்தப் பட்டம் கல்நெஞ்சுக்காரி என்பதால் வந்ததில்லை. எண்பத்தாறாம் வருஷம் கோடையில் தமிழ்நாட்டுக்காரர்களும் ஆந்திராக்காரர்களும் சேர்ந்து ஆற்றோரமாக எல்லைக் கல் நட்டுக்கொண்டு போனார்கள். குழி வெட்ட ஆம்பிளை ஆள், கல் சுமக்கப் பொம்பிளை ஆள் என்று கூலிக்கு எடுத்தார்கள். மேரிக்கு அப்போது இருபது வயது, கல்யாணமாகி நாலு மாசம். நாற்று நடவும் களை பறிக்கவும் பிறத்தியார் கழனிக்குப் போய்க்கொண்டிருந்தவள், மரநிழலில் கொஞ்சம் உட்காரலாமே என்று அந்த வேலைக்குப் போனாள். உட்காரத்தான் முடியவில்லை. மற்றவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து தூக்கிய கல்லை, "தள்ளுங்கடி, நீங்க இஸ்துகினு போறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்று இவள் ஒருத்தியே தலையில் ஏற்றிக்கொண்டு ஆற்று மணலில் நடந்தாள். அது நாற்பத்து மூன்றாம் நம்பர் கல். ஒரு முகத்தில் தமிழ் எழுத்து, மறு முகத்தில் தெலுங்கு எழுத்து. அன்றைக்கு ஒட்டிய பெயர் அறுபது வயது நெருங்கியும் உதிரவில்லை.

அளவைச் சங்கிலி பிடிக்கிற செயின்மேன் குப்புராஜ் குழிக்குள் முதலில் உடைந்த பானையின் ஓட்டுச் சில்லு ஒன்றைப் போடச் சொன்னார். அதன் மேல் ஒரு முறம் அடுப்புக்கரி. அப்புறம் மண், அதன் மேல் கல்.

"கரி இன்னாத்துக்கு நைனா? மாதாவுக்குப் பொங்கலா?" என்று கேட்டாள் மேரி.

"கல்ல எவன் வேணா நவுத்திடுவான்மா. கரி மக்காது, கரையான் திங்காது. நாளைக்கு எவனாவது கல்லைத் தூக்கிக்கினு போனாலும் மண்ணைத் தோண்டினா கரி சொல்லிடும், கல்லு இங்கதான் இருந்துச்சின்னு. இது நம்ம ஆளுங்க ஒண்டிக்குத் தெரிஞ்ச சமாச்சாரம், வெளிய சொல்லாத."

மேரி கொஞ்சம் யோசித்தாள். காலனியில் வீடு கட்டினால் அஸ்திவாரக் குழியில் ஒரு மாதா சுரூபம் போடுவது வழக்கம். ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக, ஒரு பக்கம் மாதா உருவம் பதித்த வில்லை. கோயில் திருவிழாக் கடையில் கிடைக்கும். மேரியோ ஓலைக் குடிசையில் பிறந்து ஓலைக் குடிசைக்கு வாழ்க்கைப்பட்டவள். அஸ்திவாரம் என்று ஒன்றை அவள் கிட்டத்தில் பார்த்ததே அந்தக் குழியில்தான். கழுத்துக் கயிற்றில் இருந்த அலுமினியச் சுரூபத்தை அவிழ்த்தாள். கரி கொட்டும் முன் ஓட்டுச் சில்லைத் தூக்கிவிட்டு, குழியின் அடிமண்ணில் விரலால் ஒரு சாண் ஆழத்துக்குப் பறித்து அதில் வைத்து மூடி, சில்லை மேலே பொருத்தினாள்.

குப்புராஜ் சிரித்தார். "இன்னாம்மா, தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் நடுவுல மாதாவ வாட்ச்மேனா போட்றியா?"

"போட்டா இன்னா? சம்பளம் கேக்காத வாட்ச்மேன்."

அவள் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் பத்து வருஷம் கழித்து நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தபோது, மேரி பெயருக்கு விழுந்த எழுபது சென்ட் அந்தக் கல்லுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் மேரி, அந்தப் பக்கம் அடுத்த மாநிலம். தாசில்தார் கையால் பட்டாவை வாங்கிக்கொண்டு நேராகக் கல்லிடம்தான் போனாள். புருஷன் ஆசீர்வாதம் "கோயிலுக்குப் போவலாம் வா" என்று கூப்பிட்டதற்கு, "அவ இங்கதான்யா கீறா" என்றாளாம்.

அந்த எழுபது சென்ட்டில் அவள் வேர்க்கடலை போட்டாள், தர்பூசணி போட்டாள், ஒரு வருஷம் ஆசைக்கு எள்ளும் போட்டுக் கெட்டாள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர வர, காலனியில் கழனி வேலைக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். ஆசீர்வாதம் ஒரு இரும்பு உருக்கும் ஆலையில் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் போய்க்கொண்டிருந்தவர், ஒருநாள் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மேரி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்குத் தரை துடைக்கப் போனாள். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், கொண்டுவந்து விடும். யூனிபார்ம் அவர்களுடையது, துடைப்பம் அவர்களுடையது. அவள் பெயரில் இந்த உலகத்தில் இருந்தது அந்த எழுபது சென்ட் ஒன்றுதான். பேச்சுவாக்கில் யாராவது "உனக்கின்னா மேரி, நிலம் கீது" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவள் நடையே வேறாக இருக்கும்.

அப்புறம் சாம்சன். ஏழு வருஷம் காத்துப் பெற்ற ஒரே பிள்ளை. அவனுக்குச் சோறு ஊட்டுவது பெரிய பேஜார். வாயில் வாங்கிக்கொண்டு முழுங்காமல் அதக்கிக்கொள்வான். அவனை முழுங்க வைக்க மேரி கண்டுபிடித்த ஒரே வழி கல்லுக் கதை. "அப்பாலே இன்னா பண்ணேன்? கழுத்துல இருந்த மாதாவ அவுத்து..." என்று ஆரம்பித்தால் பிள்ளை வாயைத் திறக்கும். கரியும் மாதாவும் கல்லுக்கடியில் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். குப்புராஜ் செத்துப்போய் வெகுகாலமாகிறது. வேறு யாருக்கும் தெரியாது.

கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மை அன்று பையன் கழுத்திலும் மேரி ஒரு சுரூபம் போட்டாள். இது பித்தளை. பரீட்சை என்றால், காய்ச்சல் என்றால், அதைக் கடித்துக்கொள்வது சாம்சன் பழக்கம். அதன் விளிம்பில் அவன் பல் பட்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வளையம் ஒடிந்தபோது மேரியே செம்புக் கம்பியை முறுக்கிப் புது வளையம் போட்டாள். முப்பத்திரண்டு வயதிலும் அவன் அதைக் கழற்றவில்லை. "மாதா மேல என் புள்ளைக்கு அம்மாம் பக்தி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தாய்மார்களுக்கு இந்த விஷயத்தில் கண் கொஞ்சம் மங்கல்தான்.

நாலு வருஷத்துக்கு முந்தின பெருமழையில் ஆறு வழி மாறியது. மேரியின் நிலத்துக்கு வடக்கே ஓடிக்கொண்டிருந்தது, ஒரே வாரத்தில் கரையை அறுத்துக்கொண்டு நிலத்துக்குத் தெற்கே வந்துவிட்டது. நிலம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. முட்டியளவு மணல் மேடு போட்டு, கல்லும் அதற்குள் புதைந்துபோனது. மேரி அசரவில்லை. கோடையில் ஆறு வற்றும்போது இறங்கி நடந்து போய், முள் வெட்டி, மணல் வாரி, ஒரு மூலையில் தர்பூசணி ஊன்றினாள்.

இரண்டு வருஷம் முன்பு வடக்கே ஆந்திரா எல்லைக்குள் ஒரு பெரிய கம்பெனி வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. ஆற்றுத் தண்ணீர் வரைக்கும் அவர்களுக்கு இடம் வேண்டுமாம். கம்பெனிக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் தணிகாசலம் புல்லட்டில் வந்து இறங்கினார். மேரி ஒரு வார்த்தையில் முடித்தாள்: "குடுக்க மாட்டேன்." இரண்டாம் தடவை வந்தார். "நான் செத்தப்புறம் வா" என்றாள். மூன்றாம் தடவை அவர் மேரியைப் பார்க்க வரவில்லை. சாம்சன் வேலை செய்யும் இடத்து வாசலுக்குப் போனார். இது மேரிக்கு அப்போது தெரியாது.

சாம்சன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பிக் கம்பெனியில் காண்ட்ராக்ட். பதினோரு மாசம் முடிந்தால் ஒருநாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். ஒன்பது வருஷமாக அப்படித்தான். பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் பலகாரம் வைப்பதற்கு முன்பே "தம்பி பர்மனென்டா?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் பலகாரம் வந்ததாக மேரிக்கு ஞாபகமில்லை.

இந்த வருஷம் கோடையில் ஒருநாள் சாம்சன், "யம்மா, நானும் வரேன்" என்று அவளோடு ஆற்றில் இறங்கினான். மேரிக்கு நம்பவே முடியவில்லை. பதினைந்து வயதுக்கு அப்புறம் அந்த நிலத்தில் அவன் கால் வைத்ததில்லை. முள் வெட்டினான், தண்ணீர் சுமந்தான். அப்புறம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கல்லு எங்கம்மா கீது? மண்ணு மூடிக்கிச்சே" என்று கேட்டான்.

அவள் முகம் மலர்ந்துபோனது. தென்கரையில் இருந்த ஒற்றைப் பனையையும் அதற்குப் பின்னால் கோயில் சிலுவையையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்திப் பார்த்து, எட்டு எட்டாக நடந்து, கடப்பாரையை மணலில் இறக்கினாள். நாலாவது குத்தில் ணங் என்றது.

"தோ. கேட்டியா சாமு? அசையாம குந்தினு கீது."

"கேட்டேம்மா" என்றான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவனுக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்தாள். பிள்ளைக்கு நிலத்தின் மேல் ஒட்டுதல் வந்துவிட்டதாம்.

செப்டம்பரில் காலனிக்காரர்கள் வேளாங்கண்ணிக்குப் பஸ் பிடித்தார்கள். மேரிக்கு லீவு கிடைக்காது என்றிருந்தாள். சாம்சனே அவள் சூப்பர்வைசரிடம் பேசி லீவு வாங்கினான், பையில் பிரெட்டும் பழமும் வைத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். "நிம்மதியா இருந்துட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். ஒன்பது நாள் அவள் அவனுக்காகத்தான் வேண்டிக்கொண்டாள். திரும்பி வந்தபோது பிள்ளை சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தான். "இன்னாடா, ஆபீசர் மாதிரி?" என்று கேலி செய்தாள். "கம்பெனி ரூல்ஸும்மா" என்றான். ஆறும் அதற்குள் நிறைந்துவிட்டது; அவள் அக்கரைக்குப் போகவில்லை.

அக்டோபரில் இரண்டு மாநிலமும் எல்லையைத் தீர்க்க உட்கார்ந்தன. கம்பெனிக்கு இடம் ஒப்படைப்பதற்கு முன் கோடு எங்கே என்று தெரிய வேண்டுமே. நம் படத்தில் எல்லை ஓரிடம், அவர்கள் படத்தில் நூறு மீட்டர் தள்ளி வேறிடம். ஆற்றைக் கேட்கலாம் என்றால், அது இடம் மாறி உட்கார்ந்திருந்தது. பழைய கல் எங்கே கிடைக்கிறதோ அதுதான் எல்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். நாற்பத்து மூன்றாம் கல்லை நட்டவர்களில் உயிரோடு இருந்தவள் மேரி மட்டும்தான்.

நம் பக்கத்து சர்வேயர் கல்பனா மேடம், மேரியைத் தாலுகா ஆபீசுக்கு வரவழைத்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார். மேரி கல்லைச் சொன்னாள், கரியைச் சொன்னாள், கடைசியில் கொஞ்சம் வெட்கத்தோடு மாதாவையும் சொன்னாள். மேடம் நிமிர்ந்து பார்த்து, "சுரூபமா? அதையும் எழுதிக்கிறேன்மா, நல்ல அடையாளம்" என்றார். அலுமினியம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. எந்த உலோகம் என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் எல்லாரையும் பரிசலில் ஏற்றி அக்கரைக்குக் கூட்டிப் போனார்கள். சாம்சனும் லீவு போட்டுவிட்டு வந்தான்.

பரிசல் கரை ஒதுங்கிய இடத்திலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். தண்ணீருக்குப் பத்தடி தள்ளி, வெட்டிப்போட்ட முள்ளுக்கு நடுவே நாற்பத்து மூன்றாம் கல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. மேரியின் நிலத்துக்கு வடக்கே நிற்க வேண்டியது, தெற்கே நின்றது. அதுதான் எல்லை என்றால் எழுபது சென்ட்டும் ஆந்திராவில். அவர்கள் கணக்கில் அது யார் பெயரிலும் இல்லாத புறம்போக்கு. மேரியின் பட்டாவை வைத்து அடுப்பு பற்ற வைக்கலாம்.

"இங்க இல்ல மேடம்!" மேரிக்குக் குரல் எழும்பிவிட்டது. "இது என் கல்லுதான், நான் சொமந்த கல்லுதான். ஆனா இங்க இல்ல. அங்க, தோ அந்த மேட்டாண்ட! வேனல்ல கூட குத்திப் பாத்தேன், என் புள்ளை கூட இருந்தான். சொல்லுடா சாமு!"

சாம்சன், "எனக்குச் சரியா தெரியல மேடம். மணல்ல எல்லா எடமும் ஒரே மாதிரி கீது" என்றான்.

மேரி அவனைக் கோபமாகப் பார்த்தாள். பயந்த பிள்ளை, ஆபீசர்கள் முன்னால் நாக்கு எழவில்லை என்று நினைத்தாள். கடப்பாரையை ஒரு ஆளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி, பனையையும் சிலுவையையும் சேர்த்துப் பார்த்து மணலில் இறக்கினாள். பத்து குத்து, இருபது குத்து. மணல் மணலாகவே இருந்தது.

தணிகாசலம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மேரி திரும்பி வந்து அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். "இது இவன் வேலை மேடம். இவன் ஆளு வச்சித் தூக்கியாந்து நட்டுகிறான்."

"அம்மா, பார்த்துப் பேசுங்க" என்றார் கல்பனா. "எல்லைக் கல்லை நகர்த்தியிருந்தா அது சின்ன விஷயம் இல்லை. ரெண்டு கவர்மென்ட்டும் சேர்ந்து கேஸ் போடும். செஞ்சது யாரா இருந்தாலும் ஜெயில்தான்."

"போடுங்க மேடம்! எவனா இருந்தாலும் வுடாதீங்க. கல்ல நவுத்தலாம், கரிய நவுத்த முடியாது. தோண்டுங்க. அடியில கரியும் மாதாவும் இருந்தா கல்லு இங்கதான்னு நானே கையெழுத்துப் போட்றேன். இல்லன்னா இவன உள்ள தள்ளுங்க."

ஆந்திரா சர்வேயர் தலையை ஆட்டினார். நல்ல மனுஷர், வழுக்கை, ஓரளவு தமிழும் பேசுவார். "பாகுந்தி. கல்லு உன்ன சோட்ல மொதல்ல பாப்போம். பொக்கு லேகபோதே, அம்மா சொன்ன சோட்ல தவ்விப் பாப்போம்" என்றார். முதலில் கல் நிற்கிற இடம், அங்கே கரி இல்லாவிட்டால் மேரி சொன்ன இடத்தில் ஆழமாகத் தோண்டுவது என்று முடிவாயிற்று.

இரண்டு ஆட்கள் கல்லைச் சாய்த்தார்கள். மேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டவள் மாதிரித்தான் நின்றாள். மண்வெட்டி நாலு தடவை இறங்கியது. ஐந்தாவது வெட்டில் மண் கறுப்பாக வந்தது.

"கரி மேடம்" என்றான் வெட்டியவன்.

மேரியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அவன் கையால் துழாவினான், கரித்துண்டுகளை எடுத்துப் பக்கத்தில் குவித்தான். அப்புறம் எதையோ எடுத்து லுங்கியில் துடைத்துக் கல்பனாவிடம் நீட்டினான். "மாதாவும் கீறா மேடம்."

கூட்டத்தில் யாரோ "இயேசுவே" என்றார்கள். கல்பனா அதைத் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷம் மண்ணுக்குள்ள இருந்தும் உருவம் அழியலையே" என்றார். "பித்தளை கதா" என்றார் ஆந்திராக்காரர்.

பித்தளை என்ற சொல் காதில் விழுந்ததும் மேரி கையை நீட்டினாள். கல்பனா அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் கட்டைவிரல் தானாக விளிம்பில் போய் நின்றது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மேலே செம்புக் கம்பி வளையம், அவள் முறுக்கியது. மேரி தலையைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். உச்சி வெயில். எல்லாரும் சட்டையைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். சாம்சன் மட்டும் கழுத்துப் பொத்தான் போட்டு வேர்த்து வடிந்துகொண்டிருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. தணிகாசலத்தைப் பார்த்தான்.

வேனலில் முள் வெட்ட வந்தது ஞாபகம் வந்தது. கேட்டேம்மா என்றது ஞாபகம் வந்தது. பிரெட்டும் பழமும் வைத்துப் பஸ் ஏற்றியது ஞாபகம் வந்தது. வேளாங்கண்ணியில் தான் முட்டி போட்டு நடந்த அதே நாளில் இங்கே பிள்ளை குழி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். தணிகாசலம் செய்திருந்தால் ஊரைக் கூட்டி மண் வாரித் தூற்றியிருப்பாள். இவனை என்ன செய்வது? உருண்டை உருட்டி ஊட்டிய கதையை எடுத்து அவள் நெஞ்சிலேயே குத்திவிட்டானே பாவி.

"அம்மா" என்றார் கல்பனா. வாக்குமூலத் தாள் அவர் கையில் இருந்தது. "நீங்க சொன்ன கரி இருக்கு, சுரூபமும் இருக்கு. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இது நீங்க போட்டதுதானா?"

"மீரு வேசிந்தேனா அம்மா?" என்று ஆந்திராக்காரரும் அதையே தன் பங்குக்குக் கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேட்டில் ஆழமாகத் தோண்டுவார்கள். நிலம் நிற்கும். அப்புறம், அப்போ இது யாருடையது என்று கேட்பார்கள். எவனா இருந்தாலும் வுடாதீங்க என்று அவள்தான் ஊர் கேட்கக் கத்தியிருந்தாள். மேரி உள்ளங்கையை மூடினாள், திறந்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, அதுவும் மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு. நல்லவேளை, அவர்கள் கேட்ட கேள்விக்குப் பொய் தேவைப்படவில்லை. புதுநன்மை அன்று, வெள்ளைச் சட்டை, பிள்ளை குனிந்து நின்றது.

"நான் போட்டதுதான் மேடம்" என்றாள். "என் கையால போட்டது."

சாம்சன் கை சட்டைக் கழுத்துக்குப் போய்த் தடவிவிட்டுக் கீழே இறங்கியது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று மேரிக்கும் தெரிந்துவிட்டது. தாளை நீட்டினார்கள். ஆ. ஆரோக்கியமேரி என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதி, புள்ளி வைத்துக் கொடுத்தாள். சுரூபத்தை ஆந்திராக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே நம்பர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். மேரி சேலையைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாம்சன் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"யம்மா. புதுக் கம்பெனில பர்மனென்ட்ன்னு எழுதியே குடுத்துட்டாங்கம்மா. உனக்கும் நல்லதுக்குத்தான். நீ இனிமே தொடப்பம் புடிக்க வேணாம்."

மேரி முந்தானையில் ஒட்டியிருந்த ஆற்று மணலைத் தட்டினாள்.

"வேணும்னு என்னுத போடலம்மா. கரியெல்லாம் எடுத்தேன், ஓட்டுச் சில்லு கூட இருந்துச்சி. நீ சொன்ன மாதா ஒண்டி இல்ல. ரெண்டு மணி நேரம் சல்லடை போட்டுத் தேட்னேன். நீ சோறு ஊட்றதுக்காகச் சொன்ன கதையோன்னு நெனச்சேன். அதுக்கப்புறம்தான்..." அவன் கை மறுபடி கழுத்துக்குப் போனது.

மேரி முதல் தடவையாக அவனைப் பார்த்தாள்.

"சில்லுக்குக் கீழ ஒரு சாண் பறிச்சி வச்சேன்டா. ஒவ்வொரு வாய்க்கும் சொன்னேனே, ஒரு சாணுன்னு. நீ வாய்ல சோத்த அதக்கிக்கினு எதைக் கேட்டுக்கினு இருந்த? இன்னும் ஒரு சாண் தோண்டிருந்தா அவளும் கெடச்சிருப்பா."

சாம்சன் முகம் வெளுத்தது. "அப்ப... இன்னும் அங்கதான் கீதா?"

"கீறா."

"யம்மா, நீ போய் அத எடுத்துக் காட்ட மாட்டியே? காட்டினா நான் உள்ள போய்டுவேம்மா."

இவ்வளவுதானா என்று இருந்தது மேரிக்கு. காலில் விழுவான் என்றுகூட அவள் எதிர்பார்க்கவில்லை. தப்புதான் என்று ஒரு வார்த்தை வரும் என்று மட்டும் மூன்று மணி நேரமாகக் காத்திருந்தாள். வந்தது பயம். இந்தப் பயத்துக்குத்தான் எழுபது சென்ட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"காட்ட மாட்டேன்" என்றாள்.

அவன் பெருமூச்சு விட்டான். தோள் இறங்கியது. கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டான். இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுந்து போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தான், அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்தான், எப்போதும் உட்காரும் இடத்தில் எப்போதும் போலவே உட்கார்ந்தான்.

"பசிக்குதும்மா. காலைல இருந்து ஒண்ணும் துன்னல. சோறு போடு."

பானையில் சோறு இருந்தது. குழம்பும் இருந்தது. விடியற்காலையில் எழுந்து, கோர்ட்டுக்குப் போகிற மாதிரி வேண்டிக்கொண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மேரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவனைத் தாண்டி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். அவள் கம்பெனியின் மத்தியான ஷிப்டு வேன் இன்னும் போயிருக்காது.

"நான் போட்டதெல்லாம் போதும் சாம்சன்" என்றாள். அவனைச் சாமு என்று இல்லாமல் முழுப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இனிமே நீயே போட்டுக்கோ."